21 வயதும் கடைப்பிள்ளையின் கண்ணும்

பின்னேரம் 5 மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திப் பக்கத்துக் கடையொன்றில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். கம்பஸ் (பல்கலைக்கழகம்) விட்டு வரும் பெடியள், ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பெடியள், வேலை முடிந்து சோடா குடிக்க இறங்குகிறவர்கள் என்று ஒரே கூட்டமாக இருக்கும். அதில் யாருக்கு 19, யாருக்கு 22 என்று பெற்ற தாயைத் தவிர வேறு யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தாடி நிறைய வைத்திருப்பவன் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பான். மீசை அரும்பாதவன் கம்பஸில் இறுதி வருடம் படிப்பான்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில், யாருக்குச் சிகரட் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கவுண்டரில் நிற்கிற பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு அவளுக்குக் கிடைப்பது ஐந்தாறு விநாடி. அந்த முடிவு பிழைத்துப்போனால் அவளை வேலையால் நிற்பாட்டலாமா? சட்டம் படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. கடையில் நிற்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறவர்கள், இவர்களுக்கு விளங்கினால் போதும்.

முதலில் இலங்கைச் சட்டத்தைப் பார்த்துவிடலாம். புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம். 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருளையோ மதுவையோ விற்கக் கூடாது என்பது அதில் உள்ளது. பலர் இன்னும் 18 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்குப் போட 18, கார் அனுமதிப்பத்திரம் எடுக்க 18, அப்படியானால் சிகரட்டுக்கும் 18தானே என்ற கணக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சிகரட்டுக்கு 18, மதுவுக்கு 21 என்று இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. எங்களுக்கு இரண்டுக்கும் 21.

அந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனித்து வையுங்கள். விற்ற கையை மட்டும் அது பிடிக்கவில்லை, விற்க இடங்கொடுத்தவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. அப்புறம், காசைப் போட்டால் சிகரட் விழுகிற இயந்திரங்களையும் அது தடுத்திருக்கிறது. அதாவது மனுசர் ஒருவர் நின்று, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மனுசர் பார்க்கிற இடத்தில் மனுசப் பிழையும் வரத்தான் செய்யும்.

புகையிலையால் பிழைத்த ஊர் இது என்பதையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. சுருட்டுச் சுற்றிக் குமர்களைக் கரைசேர்த்த வீடுகள் எத்தனையோ. அப்புவுக்குச் சுருட்டு வாங்கிவரப் பேரனை அனுப்புவது எங்கள் ஆட்களுக்கு ஒரு நாளும் குற்றமாகப் பட்டதில்லை. ஆனால் யாருக்காக வாங்குகிறாய் என்று சட்டம் கேட்பதில்லை. வாங்க வந்து நிற்கிறவனுக்கு எத்தனை வயது என்றுதான் கேட்கிறது. "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்று 14 வயதுப் பெடியன் சொன்னால், கவுண்டரில் நிற்கிற பிள்ளை அவனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டும். அரை மணித்தியாலத்தில் அந்த அப்பா நேரில் வந்து, "என்ரை பிள்ளையைத் திருப்பி அனுப்பினது ஆர்?" என்று கேட்பார். அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு கதை. எனக்குத் தங்கச்சி முறையான ஒரு பிள்ளை, உயர்தரம் முடித்துவிட்டு ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடையின் பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனுசன்தான், கோபம் வந்தால் மட்டும் கண் தெரியாது. ஆறு பேர் வேலை செய்கிற கடை. 14 மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. போன வருடம் ஒரு நாள் பின்னேரம், தாடியோடு தோளில் பையும் போட்டுக்கொண்டு ஒருவன் வந்து இரண்டு சிகரட் கேட்டான். கம்பஸ் பெடியன் என்று நினைத்துக் கொடுத்தாள். வாசலில் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நின்றிருந்தார். சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், மதுவரித் திணைக்களத்தார் எல்லோருக்கும் இந்தச் சட்டத்தின்கீழ் பரிசோதிக்கிற அதிகாரம் இருக்கிறது. ஐசியை (தேசிய அடையாள அட்டையை) கேட்டு வாங்கிப் பார்த்தார். பெடியன் பிறந்தது 2004 கார்த்திகையில். 21 ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அவன் உண்மையிலேயே கம்பஸ் பெடியன்தான். அவள் நினைத்ததில் பாதி சரி.

முதலாளிக்கு நீதவான் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி வழக்கு. அன்று இரவு கடை பூட்டும்போது அவளைக் கூப்பிட்டு, "பிள்ளை, நாளையிலயிருந்து வராதை" என்றார். கடிதம் இல்லை, விசாரணை இல்லை. கேட்டால், "உன்ரை கண் எங்கை போனது?" என்கிறார்.

எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் மனத்தில் நிற்கிறது. ஏனென்றால் அந்தக் கடையில் 14 மாதமாக அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே கருவி அந்தக் கண்தான். யாரிடம் ஐசி கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "சின்னப் பெடியளுக்குக் குடுக்காதை" என்றது மட்டும்தான் பயிற்சி.

திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று விளங்கும். பழத்தைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, மணந்து பார்த்து, "நாளைக்குச் சாப்பிடலாம்" என்று வியாபாரி சொல்வார். வீட்டுக்குப் போய் வெட்டினால் உள்ளே காயாக இருக்கும். கோபம் வரும், ஆனால் அவரைக் கள்ளன் என்று சொல்ல மாட்டீர்கள். அவர் சொன்னது ஒரு கணிப்பு. அதே ஆள் ஒரு கிலோ என்று நிறுத்துத் தந்தது 800 கிராம்தான் என்றால்? அப்போது நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். தராசு பக்கத்தில் இருந்தது, அவர் அதை ஒழுங்காகப் பாவிக்கவில்லை.

வயது பார்க்கிற வேலையிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. ஐசி கேட்கத் தேவையில்லை என்று நினைத்து, முகத்தைப் பார்த்து முடிவெடுத்து, அது பிழைத்தால் அது கணிப்புப் பிழை. "30 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எல்லோரிடமும் ஐசி கேள்" என்று கடை எழுதி ஒட்டியிருந்தும் கேட்காமல் விட்டால் அது விதிமீறல். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், இரண்டிலும் 20 வயதுப் பெடியன் ஒருவன் சிகரட்டோடு வெளியே வருகிறான். ஆனால் தண்டிக்கிற விஷயத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கணிப்புப் பிழை எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு நாளில் 20 இளவட்டங்கள் சிகரட் கேட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் நிற்பவள் மிகவும் கெட்டிக்காரி, 100 பேரைப் பார்த்தால் 99 பேருடைய வயதில் சரியான பக்கத்தைச் சொல்லிவிடுவாள். மாதம் 26 நாள் வேலை. 520 பேர். அதில் ஐந்து பேரில் பிழை விடுவாள். 99 சதவீதம் சரியாகச் செய்கிற ஒருத்திக்கே மாதம் ஐந்து பிழை! சிலருக்கு வயது இருந்தும் இல்லையென்று அனுப்பியிருப்பாள், சிலருக்கு இல்லாமலே கொடுத்திருப்பாள். பி.எச்.ஐ. வராத நாளில் நடந்த பிழை யாருக்கும் தெரியாது. வந்த நாளில் நடந்தால் வேலை போகும். இப்படிப் பார்த்தால் அவளுடைய வேலை அவள் கெட்டித்தனத்தில் நிற்கவில்லை, லொத்தரில் நிற்கிறது.

உண்மையில் 99 என்பது நான் தாராளமாகக் கொடுத்த புள்ளி. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்து வயது சொல்லச் சொன்னால் எல்லோரும் இரண்டு மூன்று வருடம் இப்படியும் அப்படியும் தடுமாறுவார்கள். 45 வயதுக்காரரை 42 என்று நினைத்தால் கவலையில்லை. 20ஐ 22 என்று நினைத்தால்தான் வழக்கு. கம்பஸ் பக்கத்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். முதலாம் வருடத்துக்கு வரும்போது 20, 21. போகும்போது 25, 26. வயது பார்க்கிற வேலைக்கு இதைவிடக் கஷ்டமான இடம் யாழ்ப்பாணத்தில் கிடைக்காது.

இன்னொரு விஷயத்திலும் நாங்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். இரண்டு பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்துக் கடை. இரண்டு பேரிடமும் தாடிக்காரன் ஒருவன் வருகிறான். இரண்டு பேரும் பார்க்கிறார்கள், 23 இருக்கும் என்று நினைக்கிறார்கள், கொடுக்கிறார்கள். ஒருத்தியிடம் வந்தவனுக்கு உண்மையிலேயே 23. மற்றவளிடம் வந்தவனுக்கு 20. இருவரும் செய்தது அணுவளவும் வித்தியாசமில்லாத ஒரே வேலை. முதலாவது பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒன்றும் பேச மாட்டோம். இரண்டாவது பிள்ளையைக் "கவனமில்லாதவள்" என்போம். முடிந்த பிறகு முடிவை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்துக் குறை பிடிப்பதற்கு விளைவுச் சாய்வு என்று பெயர் சொல்லலாம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த வியாதி. தூக்கியடித்த பந்து எல்லைக்கு வெளியே விழுந்தால் தைரியசாலி, பிடிபட்டால் விசரன்.

ஆகவே நியாயம் பார்க்கிறவர் கேட்க வேண்டியது "பெடியனுக்கு எத்தனை வயது?" என்பதை அல்ல. அந்த நேரத்தில், அவளுக்குத் தெரிந்ததை வைத்து, தன்னைச் செய்யச் சொன்னதை அவள் செய்தாளா? அவளிடம் என்ன செய்யச் சொல்லியிருந்தீர்கள்? இந்த இரண்டாவது கேள்வி முதலாளியை நோக்கித் திரும்புகிறது. அதனால்தான் பல முதலாளிமாருக்கு அது பிடிப்பதில்லை.

வெளிநாடுகளில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தால் ஒரு நல்ல யோசனை கிடைக்கிறது. அமெரிக்காவில் 2019 மார்கழியிலிருந்து நாடு முழுவதும் புகையிலைக்கு வயது 21. ஆனால் அங்கே கடைக்காரரை "21 ஆ இல்லையா" என்று முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்வதில்லை. 30 வயதுக்குக் குறைந்தவர்களிடம் படமுள்ள அடையாள அட்டையைப் பார்த்தே விற்க வேண்டும் என்பது 2024 செப்டெம்பர் 30 முதல் அங்குள்ள விதி. அதற்கு முன் 27 ஆக இருந்தது. இங்கிலாந்தில் மதுவுக்கு வயது 18. ஆனால் அங்கே பெரிய கடைகளில் "25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அட்டையைக் காட்டுங்கள்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள்.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், கண்ணுக்குக் கொடுக்கிற வேலை இலேசாகிறது. 20க்கும் 21க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. 20ஐ 30 என்று நினைக்க நல்ல குருட்டுக் கண் வேண்டும். கோட்டைத் தள்ளிப் போட்டால் தடுமாறுகிற அந்த இரண்டு மூன்று வருடத்தை இடைவெளி விழுங்கிவிடும். மிச்ச வேலையைத் தராசு செய்யும், அதாவது அட்டை. வேலியைக் கிணற்று விளிம்பிலா போடுகிறோம்? இரண்டடி தள்ளித்தானே போடுகிறோம்.

அதே அமெரிக்காவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மொன்டானா மாநிலம் தவிர்த்து மற்ற இடங்களில், ஒப்பந்தமோ தொழிற்சங்கமோ இல்லாத வேலையாளைக் காரணம் சொல்லாமலே நிற்பாட்ட முதலாளிக்குப் பொதுவாக உரிமை உண்டு. இனம், மதம் போன்ற, சட்டம் தடுத்த காரணங்களுக்காக நிற்பாட்டினால்தான் வழக்கு. அதனால் அங்கே ஒரு கடைப்பிள்ளை முகத்தைப் பார்த்து ஏமாந்தால், அது நியாயமா என்ற கேள்வி இருக்கும்; சட்டத்தில் அதற்குப் பதில் பெரும்பாலும் இருக்காது. எங்கள் நாட்டில் நிலைமை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் தராசைப் பாவிக்கப் பழகிவிடுவோம்.

எங்கள் ஐசியைப் போல வயது பார்க்க வசதியான அட்டை வேறு நாட்டில் இருக்குமோ தெரியாது, இலக்கத்திலேயே பிறந்த நாள் இருக்கிறது. புது இலக்கம் 12 எண். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த மூன்றோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 2005190 என்று ஆரம்பிக்கிற இலக்கம் என்றால் 2005ஆம் ஆண்டின் 190ஆவது நாள் பிறந்த ஆண். 2005690 என்றால் அதே நாளில் பிறந்த பெண். எண்ணும்போது மாசிக்கு (பெப்ரவரிக்கு), நெட்டாண்டோ இல்லையோ, எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் 190 என்பது யூலை 8.

கவுண்டரில் நின்றுகொண்டு யார் நாள் எண்ணுவது என்று கேட்பீர்கள். எண்ணத் தேவையில்லை, அட்டையில் பிறந்த திகதி தனியாகவும் இருக்கிறது. நான் சொல்ல வருவது இன்னும் சுகமான வழி. 2026இல் 2004 அல்லது அதற்கு முந்திய எண்ணில் தொடங்குகிற எல்லோருக்கும் 21 ஆகிவிட்டது, கொடுக்கலாம். 2006 அல்லது அதற்குப் பிந்தியது யாருக்கும் இல்லை. 2005 என்றால் மட்டும் திகதியைப் பார். அவ்வளவுதான், இரண்டு விநாடி வேலை. அதைவிட ஒன்று: ஒன்பது எண்ணும் கடைசியில் "வி" என்ற ஆங்கில எழுத்தும் உள்ள பழைய இலக்கம் என்றால் ஒன்றுமே பார்க்கத் தேவையில்லை. 12 எண் முறை 2016 தை மாதம் வந்தது. அதற்கு முன்னே ஐசி எடுத்தவர்கள் அப்போதே பதினைந்து பதினாறைத் தாண்டியவர்கள். இன்றைக்கு அவர்களில் இளையவருக்கும் 25 ஆகியிருக்கும். படமும் முகமும் ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும். தம்பியின் கையில் அண்ணனின் ஐசி வருவதும் உண்டு.

இவ்வளவு சுகமென்றால் ஏன் யாரும் கேட்பதில்லை? இதற்குப் பதில் அட்டையில் இல்லை, எங்கள் ஊரில் இருக்கிறது. கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு 19 வயது. அந்த வயதில் அவளே சிகரட் வாங்க முடியாது! அவளுக்கு முன்னால் வந்து நிற்பவன் அவளைவிட மூத்தவன் போலத் தெரிகிறான். "அண்ணா, ஐசி இருக்கோ?" என்று கேட்டால் அவன் பின்னால் நிற்கிற நண்பர்கள் சிரிப்பார்கள். அவன், "என்ன, என்னைப் பார்த்தால் சின்னப் பெடியன் மாதிரியோ?" என்பான். ஊர்க்கடையென்றால் இன்னும் மோசம். வாத்தியாரின் மகன், கோயில் தலைவரின் மருமகன், முதலாளியின் சொந்தக்காரன். கேட்டால் "எங்களைத் தெரியாதோ?" என்று வரும். இல்லை என்று சொல்லி அனுப்பினால் முதலாளியிடம் முறைப்பாடு போகும். முதலாளி என்ன சொல்வார்? "ஆளைப் பார்த்து நடக்கத் தெரியாதோ உனக்கு?"

ஆக, கொடுத்தாலும் ஏச்சு, கொடுக்காவிட்டாலும் ஏச்சு. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளத்தின் கதைதான். "எல்லோரிடமும் கேள்" என்ற விதி இங்கேதான் கைகொடுக்கிறது. "அண்ணா, குறை நினைக்காதேங்கோ, ஆர் வந்தாலும் கேக்கச் சொல்லிக் கிடக்கு" என்று சுவரில் ஒட்டியிருக்கிற தாளைக் காட்டினால் அவமானம் யாருக்கும் இல்லை. கேட்கிறவள் அவள் இல்லை, அந்தத் தாள்தான் கேட்கிறது.

அப்படியானால் எப்போதுமே நிற்பாட்டக் கூடாதா? அப்படியும் நான் சொல்லவில்லை. வெள்ளைச் சீருடையோடும் ரையோடும் வந்த பள்ளிக்கூடப் பெடியனுக்கு விற்றுவிட்டு, "வயது தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை யாரும் கணிப்புப் பிழை என்று ஏற்க மாட்டார்கள். ஐசியை வாங்கிப் பார்த்து, 2008 என்று தெரிந்த பிறகும் கூட்டாளி என்பதற்காகக் கொடுத்தாலும் அப்படித்தான். தெளிவான விதி இருந்து, அதைச் சொல்லிக்கொடுத்து, ஒரு தடவை எழுத்தில் எச்சரித்து, பிறகும் கேட்காமல் விட்டால் முதலாளி எவ்வளவு காலம் பொறுப்பார்? இதிலெல்லாம் நான் முதலாளி பக்கம்தான் நிற்பேன்.

முதலாளியின் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. வழக்குக்கு நீதிமன்றம் ஏறி இறங்குவதும் அவர்தான், ஊரில் பெயர் கெடுவதும் அவருக்குத்தான். மதுக்கடையென்றால் அனுமதிப்பத்திரத்தையே இழக்க நேரிடலாம். 15 வயதுப் பெடியன் கையில் சிகரட் போய்ச் சேருவது சின்ன விஷயமும் இல்லை. பெட்டியில் 80 சதவீத இடத்தை நோய்ப் படங்கள் பிடித்திருப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஆனால் பயத்தில் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டால் அடுத்த பிழை நின்றுவிடுமா? அந்த இடத்துக்கு வருகிற புதுப் பிள்ளைக்கும் அதே கண்தான், அதே "சின்னப் பெடியளுக்குக் குடுக்காதை" பயிற்சிதான். இன்னொன்றும் நடக்கும். ஒரு பிழைக்கே வேலை போகுமென்றால் மற்றவர்கள் பிழையை மறைக்கப் பழகுவார்கள். "அண்ணை, நேற்று ஒருத்தனுக்குத் தெரியாமல் குடுத்திட்டன்" என்று முதலாளியிடம் வந்து சொல்ல யாருக்கும் வாய் வராது. எந்த நேரத்தில், யாரிடம் பிழை விடுகிறோம் என்று கடைக்கே தெரியாமல் போகும்.

சரி, எங்கள் நாட்டுச் சட்டத்தில் நிற்பாட்டப்பட்ட பிள்ளைக்கு என்ன இருக்கிறது? 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடமென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் வருகிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிற்பாட்ட அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நிற்பாட்டினால் அந்த அனுமதி தேவையில்லை, ஆனால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் நிற்பாட்டிய நாளுக்குப் பிந்திய இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள். "நாளையிலயிருந்து வராதை" என்ற ஒரு வாய்ச்சொல் அங்கே செல்லாது.

என் தங்கச்சி வேலை செய்ததோ ஆறு பேர் கடை. அந்தச் சட்டம் அவளை எட்டாது. "சின்னக் கடையில வேலை செய்தால் ஒண்டும் செய்யேலாது" என்று ஊரில் சொல்வது இதை வைத்துத்தான். அது பிழை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வேலையால் நிற்பாட்டப்பட்ட ஊழியர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். நிற்பாட்டியதை எதிர்ப்பதற்கு, எத்தனை பேர் வேலை செய்கிற கடை என்ற கணக்கு அங்கே இல்லை. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். சபை பார்ப்பது சட்டத்தின் எழுத்தை மட்டுமல்ல, நடந்தது நீதியும் ஒப்புரவுமானதா என்பதையும்தான். நிற்பாட்டியதை முதலாளி ஒப்புக்கொண்டால், ஏன் நிற்பாட்டினேன் என்று நியாயம் காட்ட வேண்டியவர் அவரே. திருப்பி வேலைக்கு எடு என்றோ நட்டஈடு கொடு என்றோ சபை கட்டளையிடலாம்.

இப்போது நான் முன்னே சொன்ன வேறுபாடு எவ்வளவு பெறுமதியானது என்று பாருங்கள். "அவள் விற்றவள்" என்று மட்டும் முதலாளி சொன்னால் போதாது. என்ன விதி கொடுத்தீர்கள், எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள், முன்னர் எச்சரித்தீர்களா, அவளிடம் விளக்கம் கேட்டீர்களா என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும். எழுதி வைத்த விதியும், கையொப்பம் வாங்கிய எச்சரிக்கைக் கடிதமும் உள்ள முதலாளிக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். கண்ணை மட்டும் நம்பியவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சம்பளம், வேலை நேரம் முதலிய விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்துச் சின்னக் கடைகளில் அப்படி ஒரு தாளைக் கண்டவர்கள் குறைவு. வழக்கின் தண்டப்பணத்தைப் பிள்ளையின் சம்பளத்தில் வெட்டுகிற பழக்கமும் இருக்கிறது. சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறெதையும் அப்படி நினைத்தபாட்டுக்கு வெட்ட முடியாது.

தங்கச்சி சபைக்குப் போகவில்லை. "சொந்த ஊர், நாளைக்கும் முகத்தில முழிக்கோணும்" என்று மாமி விடவில்லை. கடைசி மாதச் சம்பளத்தை மட்டும் நானும் அவளும் போய்க் கேட்டு வாங்கினோம். முதலாளி கொஞ்சம் தயங்கிவிட்டுத் தேத்தண்ணி தந்தார். அவருக்கும் மனம் சரியில்லை என்று தெரிந்தது. "நான் என்ன செய்யிறது தம்பி, நீதிமன்றம் வரைக்கும் போயிட்டன்" என்றார். "அண்ணை, ஐசி கேக்கச் சொல்லி அவளுக்கு ஒருநாள் சொன்னீங்களோ?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தட்டிலிருந்த பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அவள் இப்போது வேறொரு கடையில் நிற்கிறாள். அங்கே போன கிழமை போயிருந்தேன். காசுப் பெட்டிக்கு மேலே, பிளாஸ்ரிக் உறையில் போட்ட ஒரு தாள். மேலே "30க்குக் குறைவெண்டால் ஐசி", கீழே பெரிய எழுத்தில் 2005, அதற்குப் பக்கத்தில் "திகதி பார்". 2004 என்று முதலில் எழுதியிருந்ததைப் பேனாவால் குறுக்கே கீறி விட்டிருந்தார்கள். வருடம் பிறந்த அன்று காலையில் மாற்றியதாம். என்னிடம் ஐசி கேட்பாளோ என்று பார்த்தேன். என் நரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாம் அண்ணா, அடுத்த ஆளை விடுங்கோ" என்றாள்.